முதலாண்டுக் கணிதம் முடிந்தது: எது பிடித்தது, அடுத்து எங்கே?

வணக்கம் நண்பர்களே. தேர்வுகள் முடிந்துவிட்டன, விடுமுறையும் தொடங்கிவிட்டது. நான் இளநிலைக் கணிதம் படிக்கிறேன் என்பது என் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். முதலாண்டு வகுப்புகள் எப்படி இருந்தன, அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று இன்று பேசப்போகிறேன். பள்ளி இறுதியாண்டில் இருக்கும் சிலர் "கணிதம் எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

நுண்கணிதத்திலிருந்து தொடங்குகிறேன். வகையிடவும் தொகையிடவும் பள்ளியிலேயே கற்றுக்கொண்டு வருகிறோம். ஆனால் தொடக்க வகுப்புகளிலேயே எங்கள் பேராசிரியர், "எல்லை, எல்லை என்கிறீர்களே, அது என்ன?" என்று கேட்டார். "ஒரு மதிப்பை நெருங்கிப் போவது" என்று யாரோ சொன்னார்கள். "எவ்வளவு நெருக்கம்?" என்றார். வகுப்பில் பேச்சே இல்லை.

அங்கேதான் எப்சிலானும் டெல்டாவும் வந்தன. இதை இருவர் ஆடும் ஆட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். "சார்பின் மதிப்பு எல்லையிலிருந்து இதற்கு மேல் விலகக்கூடாது" என்று ஒருவர் ஒரு சிறிய எண்ணைச் சொல்கிறார். அது எப்சிலான். "அப்படியானால் எக்ஸை அந்தப் புள்ளிக்கு இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டால் போதும்" என்று மற்றவர் டெல்டாவைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு சிறிய எப்சிலான் வந்தாலும் அதற்கு ஒரு டெல்டா கொடுக்க முடிந்தால், எல்லை இருக்கிறது. இந்த வரையறை மனத்தில் பதிய எனக்குப் பல வாரங்கள் ஆயின. அதற்காக நான் வருந்தவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை உருவாக்கியது பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதன் அடித்தளத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று தத்துவவாதி பெர்க்லி 1734இல் எழுதினார். வகுக்கும்போது ஓர் அளவைப் பூச்சியம் இல்லை என்கிறீர்கள், அடுத்த வரியிலேயே அதைப் பூச்சியம் என்று விட்டுவிடுகிறீர்கள், இது எப்படிச் சரி என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. எல்லை என்ற கருத்தை மையமாக வைத்து கோஷி தம் பாடநூலை வெளியிட்டது 1821இல். இன்று நாம் படிக்கும் கறாரான வடிவத்துக்கு அதை வையர்ஸ்ட்ராஸ் கொண்டுவந்தது அதற்கும் பிறகு. அத்தனை பெரிய மூளைகளுக்கே நூறாண்டுகளுக்கு மேல் பிடித்த விஷயத்தைச் சில வாரங்களில் நம்மிடம் கொடுக்கிறார்கள். உடனே புரியவில்லை என்றால் உங்களிடம் குறை எதுவும் இல்லை.

வையர்ஸ்ட்ராஸ் 1872இல் ஒரு சார்பைக் காட்டினார். எல்லாப் புள்ளிகளிலும் தொடர்ச்சியானது, ஒரு புள்ளியில்கூட வகையிட முடியாதது. கையை எடுக்காமல் வரையக்கூடிய கோடுதான் தொடர்ச்சி என்று பள்ளியில் சொல்வார்கள். இந்தச் சார்பை அப்படி வரைந்து பாருங்கள், முடியாது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் மேடும் பள்ளமும் வந்துகொண்டே இருக்கும். படத்தை மட்டும் நம்பி இருந்தால் இப்படி ஒன்று இருக்கும் என்றே தெரிந்திருக்காது. வரையறைக்கு ஏன் இவ்வளவு கறார் தேவை என்பது எனக்கு விளங்கியது அன்றுதான்.

நேரியல் இயற்கணிதம் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அணி என்ற எண் அட்டவணையிலிருந்து கிடைக்கும் அணிக்கோவை என்ற ஓர் எண்ணைக் கணக்கிடும் வழியைப் பக்கம் பக்கமாகப் பழகுகிறோம், அது எதை அளக்கிறது என்பது கடைசியில்தான் வருகிறது. அதை முதல் நாளே சொல்ல வேண்டும். இரண்டுக்கு இரண்டு அணி ஒன்று, ஓரலகுச் சதுரத்தை ஓர் இணைகரமாக மாற்றுகிறது. குறியை விட்டுவிட்டால், அந்த இணைகரத்தின் பரப்புதான் அணிக்கோவையின் மதிப்பு. மதிப்பு பூச்சியம் என்றால் சதுரம் நசுங்கி ஒரு கோடாகவோ புள்ளியாகவோ ஆகிவிட்டது. நசுங்கியதிலிருந்து பழைய சதுரத்தை மீட்க முடியாது, அதனால்தான் அந்த அணிக்கு நேர்மாறு இல்லை. இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கங்களைப் பழகினால் சலிப்பே வராது.

நிரல் எழுதும் தாள் பைத்தானில் நடந்தது. பைத்தானிடம் 0.1உடன் 0.2ஐக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டும். கணினி எண்களை இரும முறையில் வைத்திருக்கிறது, அதில் 0.1ஐ முடிவுள்ள இலக்கங்களில் எழுத முடியாது என்பதுதான் காரணம். மற்றபடி அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இப்போது என்னை மாற்றிய பாடத்துக்கு வருகிறேன். நிகழ்தகவு. ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். முதலில் கேட்டபோது யாருமே நம்பவில்லை. ஆனால் 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 இணைகள் கிடைக்கின்றன. ஒப்பிடுவது ஆட்களை அல்ல, இணைகளை என்று பார்த்ததும் வியப்பு போய்த் தெளிவு வந்துவிடுகிறது. அன்று மாலையே பைத்தானில் அதைச் சோதித்தேன். சமவாய்ப்பில் 23 நாட்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதையே ஆயிரக்கணக்கான முறை ஓடவிட்டேன். விடை பாதியை ஒட்டியே நின்றது.

இங்கே ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. நிகழ்தகவு சூதாட்டக் கணக்குகளில் வளர்ந்த பழைய துறை. ஆனால் அதற்கு உறுதியான அடிக்கோள்களை, அதாவது நிரூபணமின்றி ஏற்கும் அடிப்படை விதிகளை, கொல்மொகொரோவ் வகுத்துக் கொடுத்தது 1933இல்தான். அவர் பயன்படுத்தியது அளவைக் கோட்பாடு, அதாவது நீளம், பரப்பு போன்ற அளவுகளைப் பொதுமைப்படுத்தும் கோட்பாடு. எல்லை, தொடர்ச்சி போன்றவற்றைக் கறாராக ஆராயும் மெய்ப் பகுப்பாய்விலிருந்து அது வளர்ந்தது. அதாவது, நான் வாரக்கணக்கில் போராடிய எப்சிலானும் டெல்டாவும்தான் நான் நேசிக்கத் தொடங்கிய பாடத்துக்கும் கீழே இருக்கின்றன. என் திட்டம் இதிலிருந்துதான் பிறந்தது.

இரண்டாம் ஆண்டில் மெய்ப் பகுப்பாய்வையும் நிகழ்தகவையும் என் முதன்மைப் பாடங்களாக வைத்துக்கொள்ளப்போகிறேன். முதுநிலையில் நிகழ்தகவுக் கோட்பாடு படிக்க வேண்டும் என்பது ஆசை. "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், அக்கறையோடுதான் கேட்கிறார்கள். காப்பீட்டுக் கணிப்பியல், புள்ளியியல், தரவுப் பகுப்பாய்வு, ஆசிரியப் பணி எல்லாமே இந்தப் பாதையில் இருக்கின்றன. எனக்கு ஆய்வும் கற்பித்தலும்தான் விருப்பம். புள்ளியியலை விருப்பப் பாடமாக எடுப்பதால் மற்ற கதவுகளும் திறந்தே இருக்கும்.

விடுமுறையில், சமச்சீர்மையை ஆராயும் குலக் கோட்பாட்டையும் தொட்டுப் பார்க்கப்போகிறேன். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு வர்க்கமூலம் போன்ற மூலங்களைக் கொண்டு ஒரு பொதுச் சூத்திரம் கிடையாது என்று ஏபெல் 1824இல் நிறுவினார். எந்தச் சமன்பாடுகளை அப்படித் தீர்க்கலாம் என்பதைக் குலங்களைக் கொண்டு விளக்கிய கால்வா 1832இல் இறந்தபோது அவருக்கு வயது 20. ஏறக்குறைய என் வயது. அவர் எழுதியதை ஒருமுறையாவது முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மனம் துடிக்கிறது.

கணிதத்தில் சேரப்போகிறவர்களுக்கு நான் படிக்கும் முறையைச் சொல்கிறேன். தேற்றத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நிரூபணத்தை வெற்றுத் தாளில் எழுதுங்கள். பிறகு நிபந்தனைகளில் ஒன்றை நீக்கிவிட்டு, தேற்றம் எங்கே உடைகிறது என்று தேடுங்கள். இடைமதிப்புத் தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓர் இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு இரண்டு மதிப்புகளை எடுத்தால், அவற்றுக்கு இடைப்பட்ட எல்லா மதிப்புகளையும் எடுக்கும். எக்ஸ் வர்க்கத்திலிருந்து இரண்டைக் கழித்தால், எக்ஸ் ஒன்றாக இருக்கும்போது விடை குறை எண், இரண்டாக இருக்கும்போது மிகை எண். நடுவில் எங்கோ பூச்சியம் வரத்தான் வேண்டும். ஆனால் விகிதமுறு எண்கள், அதாவது முழு எண்களின் பின்னமாக எழுதக்கூடியவை, மட்டுமே உலகில் இருந்தால், அந்தப் பூச்சியம் வரவே வராது, ஏனென்றால் இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண். அந்தத் தேற்றம் மெய்யெண்களை எவ்வளவு நம்பி நிற்கிறது என்பதை எனக்குக் காட்டியது இந்த எடுத்துக்காட்டுதான்.

இந்த விடுமுறையில், ஒரு வீடியோவுக்கு ஒரு தேற்றம் என்று செய்யப்போகிறேன். முதலில் இதே இடைமதிப்புத் தேற்றம், முழு நிரூபணத்தோடு. அதற்கு முன் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள்: இரண்டின் வர்க்கமூலம் ஏன் விகிதமுறு எண்ணாக இருக்க முடியாது என்று எழுதிப் பாருங்கள். அடுத்த வீடியோவை அங்கிருந்துதான் தொடங்குவேன்.