ஃபாக்ஸின் வாழ்வு வீணானதன்று

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் அரசியல் தலைவர் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் வாழ்ந்தது வென்ற வாழ்வா, வீணான வாழ்வா?’ என்ற வழக்கில், வென்ற வாழ்வே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், “அப்பன் செல்லம் கொடுத்தான், பிள்ளை சீட்டாடித் தீர்த்தான், இதற்கு மேல் என்ன இருக்கிறது?” என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். அந்தச் செல்லத்துக்குச் சான்றாக ஒரே வரியில் அவர் சொல்லிச் சென்ற சுவர்க் கதையை நான் முழுமையாகச் சொல்கிறேன். இலண்டனில் ஹாலந்து மாளிகை. தந்தை ஹென்றி ஃபாக்ஸ், அரசாங்கப் பதவியில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். வளாகத்தில் ஒரு சுவரை இடிக்கவேண்டியிருந்தது. இடிக்கும்போது நீ பார்க்கலாம் என்று சிறுவனுக்கு அவர் வாக்களித்திருந்தார். பிள்ளை இல்லாத வேளையில் சுவர் விழுந்துவிட்டது.

தந்தை என்ன செய்தார்? போனது போகட்டும் என்றாரா? பொம்மை வாங்கித் தருகிறேன் என்று சமாதானம் சொன்னாரா? இல்லை, அவையோரே! யாருக்கும் வேண்டாத அந்தச் சுவரை மறுபடியும் கட்டச் சொன்னார். கட்டினார்கள். கட்டி முடித்த சுவரை, மகன் கண்ணாரக் காணும்படி, மறுபடியும் இடிக்கச் செய்தார். நண்பர் இதில் செல்லத்தைக் கண்டார். நான் காண்பது, குழந்தைக்குச் சொன்ன சொல்லைக்கூடக் காப்பாற்றிய ஒரு வீட்டை.

சூதாடினாரா? ஆடினார். 1774 வாக்கில் தந்தை அடைத்த கடன் ஓர் இலட்சம் பவுனுக்கும் மேல். அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் பத்தொன்பது வயதில் நாடாளுமன்றம் புகுந்து, தாய்வழியில் இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் இரத்தம் ஓடிய அந்த உயர்குடி மகன், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சற்று வளைந்திருந்தால் ஆயுள் முழுதும் பதவியில் இருந்திருக்கலாமே! 1783இல் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியைக் கட்டுப்படுத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். மக்களவை ஏற்றது, அதை ஆதரிப்பவர் என் பகைவர் என்று மன்னர் சொல்லியனுப்பியதும் பிரபுக்கள் அவை வீழ்த்தியது. பதவி பறிபோயிற்று. அதன்பின் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் எதிர்வரிசையில்தான் அமர்ந்திருந்தார்.

அந்த ஆண்டுகளையா வீண் என்கிறீர்கள்? 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்க நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த தீர்மானத்துக்காக ஃபாக்ஸ் முழங்கினார். ஆதரவு 88, எதிர்ப்பு 163. தோல்வி! ஆயினும் அந்த வழக்கை அவர் கைவிடவில்லை. 1806இல் மீண்டும் வெளியுறவு அமைச்சரானபோது, உடலில் நீர் கோத்து நலிந்துகொண்டிருந்தார். பிரபுப் பட்டம் ஏற்றுச் சற்று இளைப்பாறுங்கள் என்று அண்ணன் மகன் மன்றாடினார். அடிமை வணிக ஒழிப்பையும் சமாதானத்தையும் உனக்காகக்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார்.

ஜூன் 10 அன்று தள்ளாத உடலோடு மக்களவையில் எழுந்து நின்றார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்த அவையில் இருந்து, இது ஒன்றை மட்டுமே நான் சாதித்திருந்தாலும் என் கடமையைச் செய்தேன் என்ற நிறைவோடு விலகுவேன் என்றார். அவர் முன்மொழிந்த தீர்மானம் 114க்கு 15 என்று வென்றது. செப்டம்பர் 13 அன்று சிஸ்விக்கில் அவர் உயிர் பிரிந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 25 அன்று அடிமை வணிகத் தடை சட்டமாயிற்று. அதைக் காண அவர் இல்லை. கடன் கணக்கை எண்ணிக் காட்டிய நண்பரே, அந்தச் சட்டத்துக்குப் பின் பிரிட்டிஷ் கப்பல்களில் ஏற்றப்படாமல் தப்பிய தாய்மாரை, பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? நடுவர் அவர்களே, வணங்கி அமர்கிறேன்.