கல்லூரி முடிந்தது, இனி இசைதான் என்கிறது பிள்ளை

வணக்கம். கல்லூரி முடித்த பிள்ளை வேலைக்கு விண்ணப்பம் போடாமல், "நான் இசையில்தான் இருக்கப்போகிறேன்" என்று சொன்னால் அந்த வீட்டில் அடுத்த சில மாதங்கள் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீடும் அப்படி ஒரு வீடுதான். என் மகள் படித்தது பொறியியல். செய்வது இசை, அதுவும் மேடையேறிப் பாடுகிற இசை இல்லை. கதவு கிறீச்சிடுவதையும் மழை பெய்வதையும் பதிவுசெய்து, அந்தச் சத்தங்களை இழுத்து, நறுக்கி, தாளமாக்கி, வீடியோ கேம்களுக்கும் நாடகங்களுக்கும் பின்னணி அமைத்துத் தருகிறாள். அவள் செய்வதில் பாதி எனக்குப் பிடிபடாது. ஆனால் பிள்ளையின் இசை புரிந்தால்தான் ஆதரிக்க முடியும் என்பதில்லை, அது ஒரு வேலை என்று நாம் மனதார ஏற்றுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் நேரம். வீட்டிலேயே இருக்கிற பிள்ளையை எல்லாரும் கூப்பிடுவார்கள். சும்மாதானே இருக்கிறாய், வங்கிக்குப் போய்விட்டு வா, வந்தவர்களோடு கொஞ்சம் உட்கார்ந்து பேசு. ஒரு அலுவலகத்தில் இருந்தால் இப்படிக் கூப்பிடுவோமா? மிக்ஸிங் செய்கிறவர்கள், அதாவது தனித்தனியாகப் பதிவான சத்தங்களைச் சமன்செய்து ஒன்றாக்குகிறவர்கள், தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தால் காது களைத்துப்போய்த் தீர்மானங்கள் தப்பாகிவிடும் என்பதால் அவர்களுக்கு நல்ல வேலை நேரமே ஒரு நாளில் சில மணிதான், அந்தச் சில மணிக்குள் நாலு தடவை கதவைத் தட்டினால் அன்றைய வேலை போச்சு.

அப்புறம் பணம். இதைப் பேசாமல் விடுகிற வீடுகளில்தான் கசப்பு சேர்கிறது. அப்பா அம்மா கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், எவ்வளவு நாள் என்று மனதுக்குள் மட்டும் ஒரு கணக்கு ஓடும், பிள்ளைக்கு அந்தக் கணக்கே தெரியாது, ஒரு நாள் ஏதோ சின்ன விஷயத்துக்கு எல்லாம் வெடித்து வெளியே வரும். உட்கார்ந்து பேசிவிடுங்கள். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு, கருவி வாங்குவது உன் பொறுப்பு என்று பிரிக்கலாம். அல்லது கருவிக்கு ஒரு தொகை ஒரே முறை தருகிறோம், மாதச் செலவை நீ பார்த்துக்கொள் என்றும் வைத்துக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் எப்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று ஒரு மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் பரீட்சை முடிவு வருகிற மாதம் இல்லை, திட்டத்தைத் திருத்துகிற மாதம், அவ்வளவுதான். முதுமைக்கு என்று சேர்த்த பணத்தில் கை வைக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். தன் கனவுக்காகப் பெற்றோர் ஓட்டாண்டியானார்கள் என்ற பாரத்தைச் சுமந்துகொண்டு எந்தப் பிள்ளையாலும் நன்றாக இசையமைக்க முடியாது.

பகுதிநேர வேலைக்குப் போனால் தோற்றுவிட்டதாக அர்த்தமா என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள், நம்மில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறோம். அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, அப்புறம் ஜூலியர்டில் இசை படித்தவர். குழாய் வேலை பார்த்தார், டாக்ஸி ஓட்டினார். 1976இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பெரா அரங்கில் அவருடைய படைப்பு மேடையேறிய பிறகும் டாக்ஸி ஓட்டப் போனார். நாற்பது வயது தாண்டித்தான் இசை மட்டுமே அவருக்குச் சோறு போட்டது. இன்னொருவர் சார்ல்ஸ் ஐவ்ஸ், யேல் பல்கலைக்கழகத்தில் 1898இல் பட்டம் முடித்து, இன்ஷூரன்ஸ் தொழிலில் பெரிய ஆளாகி, அதோடு கூடவே இசையும் எழுதி, 1947இல் புலிட்சர் பரிசு வாங்கினார். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை, நடக்காது. பகலில் வேறு வேலை பார்ப்பது இந்தத் தொழிலில் புதிதும் இல்லை, அவமானமும் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

பெற்றோரின் உலக அனுபவம் உண்மையிலேயே உதவுகிற இடம் ஒன்று உண்டு, அது ஒப்பந்தம். இருபத்திரண்டு வயதில் யாராவது "உன் டியூன் நன்றாக இருக்கிறது, இங்கே கையெழுத்துப் போடு" என்றால் கை தானாகப் பேனாவை எடுக்கும். நாம் வீட்டுப் பத்திரம், கடன் பத்திரம் எல்லாம் படித்துப் பழகியவர்கள், கூட உட்கார்ந்து படிக்கலாம். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்புக்கு ஒன்று, பதிவுசெய்த ஒலிக்கு இன்னொன்று. இரண்டும் தனித்தனி சொத்து. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். முழுக்க எழுதிக் கொடுப்பது வேறு, குறிப்பிட்ட காலத்துக்குக் குறிப்பிட்ட உபயோகத்துக்கு மட்டும் உரிமம் தருவது வேறு. முன்பணம் என்று ஒரு தொகை வந்தால் கொண்டாடுவதற்கு முன்னால், அது பின்னால் வரும் ராயல்டியிலிருந்து, அதாவது பாட்டு பயன்படுவதற்காக வரும் பங்குப் பணத்திலிருந்து, கழிக்கப்படுமா, ஸ்டூடியோ செலவும் விளம்பரச் செலவும் அதில் சேருமா என்று பாருங்கள், அது கழிந்து முடிகிறவரை ராயல்டியாக ஒரு காசும் கைக்கு வராமல் போகலாம். இத்தனை வருடம் வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய தொகை என்றால் இந்தத் துறை தெரிந்த வக்கீலிடம் காட்டுவதற்கு ஆகும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், புது மைக் வாங்கித் தருவதைவிட அது பெரிய உதவி. நண்பர்களோடு சேர்ந்து பாட்டு செய்தால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அன்றைக்கே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு போய்விடும்.

ஸ்ட்ரீமிங்கில் போட்டாச்சு, இனிப் பணம் கொட்டும் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் 2024இலிருந்து, ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பதிவுக்கு ராயல்டி கணக்கே ஆரம்பமாகும். அதனால்தான் இந்தப் பிள்ளைகள் பலர் நாலைந்து இடங்களிலிருந்து சேர்த்துச் சம்பாதிக்கிறார்கள். கேமுக்கு இசை, பாட்காஸ்ட்டுக்கு ஒலித் திருத்தம், அடுத்தவர் பாட்டுக்கு மிக்ஸிங், வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு என்று. வெளியிலிருந்து பார்த்தால் சிதறிக்கிடப்பது மாதிரி இருக்கும். வரவு செலவை மாதாமாதம் எழுதிவைத்துப் பார்த்தால் எந்த வேலை தாங்குகிறது, எது நேரத்தைத் தின்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

காது. இதை மட்டும் நச்சரித்தால் தப்பே இல்லை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வரம்பு என்கிறது அமெரிக்காவின் தொழிலக சுகாதார ஆய்வு நிறுவனம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம். உள்காதில் சத்தத்தை உணரும் மயிரிழை செல்கள் ஒரு தடவை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. இசைக்கலைஞர்களுக்கென்றே சத்தத்தைச் சீராகக் குறைக்கிற காதடைப்பான்கள் கிடைக்கின்றன, பிறந்தநாளுக்கு என்ன வாங்கித் தருவது என்று யோசிப்பவர்கள் அதை வாங்கலாம்.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பிள்ளை என்ன பண்ணுகிறது என்று. அந்த நேரத்தில் நம் வாயிலிருந்து வருவது பிள்ளையின் காதில் விழும், நேரில் இல்லாவிட்டாலும் யாராவது கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். "ஏதோ மியூசிக்னு இருக்கா, பார்ப்போம்" என்று இழுக்காதீர்கள். "கேம் கம்பெனிகளுக்கு ஒலி அமைக்கிறாள்" என்று வேலையின் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த பேச்சுக்குப் போங்கள். எவ்வளவு வருகிறது என்று கேட்டால் அதை அவளிடமே கேளுங்கள் என்று விட்டுவிடலாம், வேறு தொழிலில் இருக்கிறவர்களின் சம்பளத்தை எல்லார் முன்னாலும் நாம் சொல்வதில்லையே.

வீட்டுக்குள் நாம் கேட்கிற கேள்வியும் அப்படித்தான். எத்தனை பேர் பார்த்தார்கள், எப்போது பெரிய ஆள் ஆவாய் என்பதற்கெல்லாம் பிள்ளையிடம் பதில் கிடையாது, அது அதன் கையிலும் இல்லை. இந்த வாரம் எதை முடித்தாய், யாருக்கு அனுப்பினாய், பணம் வந்துவிட்டதா என்று கேளுங்கள், பதில் வரும், பேச்சும் நீளும். அந்த இசை பிடிக்கவில்லை என்றால் பிடித்த மாதிரி நடிக்க வேண்டாம், அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், காது தீட்டியவர்கள் அல்லவா. "எனக்கு இது ஒட்டவில்லை, ஆனால் நடுவில் அந்த மழைச் சத்தம் வந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டேன்" என்று சொன்னால் என் மகள் முகம் மலர்கிறது.

சில வருடம் கழித்து, போதும், வேறு வேலைக்குப் போகிறேன் என்று பிள்ளையே சொல்லலாம். அப்போது "நான் அன்றைக்கே சொன்னேன்" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது, இவ்வளவு நாள் செய்த ஆதரவெல்லாம் அந்த ஒரு வரியில் அழிந்துபோகும். அதற்குப் பதில் விண்ணப்பம் எழுதக் கூட உட்காருங்கள். கெடு தவறாமல் வேலை முடித்தது, வாடிக்கையாளரிடம் பேசி விலை முடிவுசெய்தது, ஐந்து பேரை ஒருங்கிணைத்து ஒரு பதிவை வெளியிட்டது, தானாகவே மென்பொருள் கற்றுக்கொண்டது, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். அந்த வருடங்களைக் காலி இடமாக விட்டுவிட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.