மழை எட்டாத உயரத்தில் கந்தகம்

அவையோருக்கு வணக்கம்.

கிரீன்லாந்தின் நடுப்பகுதியிலும் அன்டார்க்டிகாவிலும் பெய்த பனி உருகி ஓடுவதில்லை. இந்த ஆண்டின் பனி சென்ற ஆண்டின் பனியை அமுக்கும். அடுத்த ஆண்டின் பனி இதை அமுக்கும். இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் அடுக்கு அங்கே கிடக்கிறது. அதைத் துளையிட்டு நீளத் தூண்களாக வெளியே எடுத்து, மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எண்ணியவர்கள் 1258, 1259 ஆகிய ஆண்டுகளின் அடுக்குக்கு வந்ததும் திகைத்து நின்றார்கள். அந்த இடத்தில் பனியில் கந்தக அமிலம் அவ்வளவு மிகுந்திருந்தது. வடக்கேயும் அப்படித்தான், தெற்கேயும் அப்படித்தான். உலகின் இரண்டு கோடிகளுக்கும் ஒரே காலத்தில் கந்தகம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால், நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஏதோ ஓர் எரிமலை பிளந்திருக்க வேண்டும். எந்த மலை? முப்பது ஆண்டுகள் தேடியும் பிடிபடவில்லை.

விடை 2013இல் கிடைத்தது. இந்தோனேசியாவின் லோம்போக் தீவில் இருந்த சமாலாஸ். 1257இல் அது வெடித்து உள்வாங்கிய இடத்தில் இன்று ஓர் ஏரி இருக்கிறது. கரிந்த மரத்தின் வயது, படிந்த சாம்பலின் வேதியியல் எல்லாம் சேர்ந்துதான் அந்த மலையைக் காட்டிக்கொடுத்தன. ஆனால் எனக்குப் பிடித்த சாட்சி வேறு. அந்தத் தீவின் பழங்கதையைப் பழைய ஜாவானிய மொழியில் ஓலையில் எழுதி வைத்திருந்தார்கள். மலை சரிந்ததையும், பாமதான் என்ற நகரம் புதைந்ததையும், மக்கள் சிதறி ஓடியதையும் அது சொல்கிறது. கதை என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய ஓலையும், துருவத்துப் பனியும் ஒரே செய்தியைச் சொல்லின.

பனியில் தேடியவர்கள் எதைப் பார்த்துத் திகைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கந்தகத்தைப் பார்த்து. எரிமலை என்றதும் நம் மனத்தில் எழும் சிவந்த குழம்பு, கரும்புகை, சாம்பல் எல்லாம் சுற்று வட்டாரத்துக்கு எமன்தான்; ஐயமில்லை. உலகத்தின் வானிலையைப் புரட்டுவது பெரும்பாலும் அவையல்ல. சாம்பல் கனமானது, சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் கீழே விழுந்துவிடும். கந்தக டை ஆக்சைடு வாயு கண்ணுக்குத் தெரியாது. அது போய் உட்காரும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நாம் மேகம், மழை, புயல் என்று சொல்வதெல்லாம் காற்று மண்டலத்தின் கீழ்ப்பகுதியில் நடப்பவை. வெப்பமண்டலத்தில் இந்தக் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 16, 17 கிலோமீட்டர் உயரம் வரை போகும். துருவங்களில் அதில் பாதிதான். அதற்கு மேலே இருப்பது அடுக்கு மண்டலம். கந்தகம் கீழேயே தங்கிவிட்டால் மழை அதைக் கழுவி இறக்கிவிடும். வெடிப்பின் வேகம் அதை அடுக்கு மண்டலத்துக்குள் தள்ளிவிட்டால் அங்கே கழுவுவதற்கு மழை கிடையாது. சில வாரங்களில் வாயு நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலத் துளிகளாக மாறும். ஒவ்வொரு துளியும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியது. காற்று அவற்றை உலகம் முழுவதும் விரிக்கும். ஓராண்டு, இரண்டாண்டு அவை அங்கேயே மிதந்து, வரும் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதற்கு 1980களின் தொடக்கத்தில் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. 1980 மே 18இல் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்தது. படம் பார்க்காதவர்கள் குறைவு. மலையின் ஒரு பக்கமே பிய்த்துக்கொண்டு போனது. 1982இல் மெக்சிகோவில் எல் சிச்சோன் வெடித்தது. அதன் பெயர் இந்த அவையில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டும் கக்கிய பொருளின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் செயின்ட் ஹெலன்ஸ் தந்த கந்தக டை ஆக்சைடு 10 லட்சம் டன் அளவு. எல் சிச்சோன் தந்தது 70 லட்சம் டன். முதலாவதை உலக வெப்பநிலை கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது அடுக்கு மண்டலத்தில் ஆண்டுக்கணக்கில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு மலை எவ்வளவு பெரிதாக வெடித்தது என்று கேட்பதோடு யாரும் நிறுத்துவதில்லை. எந்த வாயு, எவ்வளவு உயரம், எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். இன்று நான் சொல்லப்போவது முழுவதும் இந்த மூன்று கேள்விகளின் விளையாட்டுத்தான்.

தம்போராவுக்கு வருகிறேன். 1815 ஏப்ரல் 5. இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் இருக்கும் அந்த எரிமலையில் முதல் வெடிச்சத்தம். பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஜாவாவில் இருந்தவர்களுக்கு அது பீரங்கி முழக்கமாகக் கேட்டது. பக்கத்துக் காவல் நிலையை யாரோ தாக்குகிறார்கள் என்று யோக்யகர்த்தாவிலிருந்து படையை அனுப்பினார்கள்! ஏப்ரல் 10 அன்று பெருவெடிப்பு. 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்த மலை, முடிந்தபோது 2,850 மீட்டர். வெடிப்பிலும், அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்திலும் நோயிலும் அந்த வட்டாரத்தில் மட்டும் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். தம்போரா மக்கள் பேசிய மொழியும் அவர்களோடு போயிற்று. வெடிப்புக்கு முன் யாரோ குறித்துவைத்த சில பத்துச் சொற்கள் மட்டும் மிஞ்சின. இறந்தவர்களின் எண்ணிக்கையைவிட அந்தச் சொற்பட்டியல் என்னை அதிகம் உலுக்குகிறது.

அடுத்த ஆண்டு, 1816. அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதம் பனி பெய்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் உறைபனி பயிரைக் கருக்கியது. மேற்கு ஐரோப்பாவில் மழை விடவே இல்லை. கதிர் முற்றவில்லை, தானிய விலை ஏறியது, ஊர் ஊராக மக்கள் பிச்சையெடுக்கப் புறப்பட்டார்கள். சீனாவின் யுனான் பகுதியில் நெல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. 'கோடை இல்லாத ஆண்டு' என்று அதற்குப் பெயர். இத்தனைக்கும் உலகச் சராசரி வெப்பநிலை இறங்கியது ஒரு டிகிரிகூட இல்லை, அரை டிகிரியை ஒட்டித்தான். சராசரி என்பது பொல்லாத சொல். அது அசையாததுபோல நிற்கும். அதன் கீழே ஓரிடத்தில் உறைபனியும் வேறோரிடத்தில் வெள்ளமும் நடந்துகொண்டிருக்கும். பசித்தவர்கள் யாருக்கும் காரணம் தெரியாது. எங்கோ கிழக்கே ஒரு மலை வெடித்ததையும் தங்கள் வயலையும் முடிச்சுப்போட யாராலும் முடியவில்லை. அந்த முடிச்சு விழ இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

எரிமலை வெடித்தால் சில இடங்களில் பருவமழை ஏன் தவறுகிறது என்று கேட்கலாம். வெயில் குறைந்தால் கடலைவிட நிலம் விரைவாகக் குளிரும். பருவமழை என்பதே சூடான நிலம் கடல்காற்றை இழுப்பதால் வருவது. நிலத்தின் சூடு தணிந்தால் இழுப்பும் தளரும். போதாததற்கு, வெயில் குறைந்தால் கடல்நீர் ஆவியாவதும் குறையும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்த பிறகு, 1992இல், உலகின் நிலப்பரப்பில் மழையும் ஆறுகளில் ஓடிய நீரும் கண்கூடாகக் குறைந்தன.

இதுவரை சொன்னவை சட்டென்று வெடித்த மலைகள். ஐஸ்லாந்தின் லாக்கி அப்படியல்ல. 1783 ஜூன் 8 அன்று 27 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் கிழிந்தது. எட்டு மாதம் அந்தக் கிழிசல் மூடவில்லை. அதிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடு ஏறத்தாழ 12 கோடி டன். பினாட்டுபோவின் கணக்கு ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். லாக்கியின் வாயுவில் பெரும்பகுதி அடுக்கு மண்டலத்தின் ஆழத்துக்குப் போகாமல் தாழவே பரவியது. அதனால் அது மூச்சுக்குள் போனது. ஐரோப்பாவின் மேல் அந்தக் கோடை முழுவதும் காய்ந்த மூடுபனி ஒன்று தொங்கியது; நண்பகல் சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. அப்போது பாரிஸில் தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், இந்த மூட்டத்துக்கும் தொடர்ந்த கடுங்குளிருக்கும் ஐஸ்லாந்து எரிமலை காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். மின்னலைப் பட்டம் விட்டுப் பிடித்தவரின் மூக்கு அங்கேயும் சரியாகவே வேலை செய்திருக்கிறது.

ஐஸ்லாந்தில் நடந்ததைச் சொல்வதற்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். வாயுவோடு புளோரினும் வந்தது. அது புல்லில் படிந்தது. புல்லை மேய்ந்த ஆடுமாடுகளுக்கு எலும்பு புடைத்தது, பல் கோணியது. பாதி மாடுகள், ஐந்தில் நான்கு பங்கு ஆடுகள் செத்தன. அங்கே மனிதர் உயிர்வாழ்ந்ததே மந்தைகளை நம்பித்தான். மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டினியில் போனார். எரிகுழம்பு தொட்டுச் செத்தவர் என்று சொல்ல ஆளில்லை. யோன் ஸ்டெயின்கிரிம்ஸன் என்ற பாதிரியார் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்து எழுதி வைத்ததால் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. அதே ஆண்டு ஆப்பிரிக்காவில் பருவமழை தளர்ந்து நைல் நதி இறங்கியது, எகிப்திலும் பஞ்சம்.

விதி என்று ஒன்றைச் சொன்னால் அதை மீற ஒரு மலை இருக்கத்தான் செய்கிறது. 2022 ஜனவரி 15இல் தொங்கா நாட்டுக் கடலுக்கடியில் வெடித்த ஹுங்கா எரிமலை கந்தகத்தை மிகக் குறைவாகவே தந்தது. பதிலாக, ஏறத்தாழ 15 கோடி டன் நீராவியை அடுக்கு மண்டலத்துக்கு ஏற்றியது. அங்கே இருந்த மொத்த நீராவியில் அது பத்தில் ஒரு பங்கு. அளவெடுக்கத் தொடங்கிய பிறகு அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் எப்போதும் ஒருவர் எழுந்து கேட்பார்: "எரிமலைகள்தானே இத்தனை கரியமில வாயுவைக் கக்குகின்றன, மனிதனை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?" கணக்கைப் பாருங்கள். பினாட்டுபோ வெளியிட்ட கரியமில வாயு சுமார் 5 கோடி டன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து மனிதர் ஆண்டுக்கு வெளியிடுவது 3,500 கோடி டன்னுக்கும் மேல். இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்றை நாம் அரை நாளில் எட்டிவிடுகிறோம்.

பினாட்டுபோவைப் பற்றி இன்னொன்று. அது வெடித்த சில மாதங்களிலேயே காலநிலை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹேன்சனும் அவரது குழுவினரும், உலகம் சுமார் அரை டிகிரி குளிரும், பிறகு மீளும் என்று கணினி மாதிரியை வைத்து முன்கூட்டியே சொன்னார்கள். அப்படியே நடந்தது. காலநிலை மாதிரிகளை ஜோசியம் என்று கேலி செய்பவர்களிடம் நான் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். அதே ஆண்டுகளில் காடுகளில் வேறொன்று நடந்தது. துளிகளில் பட்டுச் சிதறிய வெளிச்சம், வழக்கமாக நிழலில் கிடக்கும் அடி இலைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. வெயில் குறைந்தும் மரங்கள் கூடுதலாக உணவு சமைத்தன.

சரி, இதைப் பார்த்து, நாமே விமானத்தில் கந்தகத்தை ஏற்றி மேலே தூவினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் 2006இல் இதை ஆராய வேண்டும் என்று எழுதிய பிறகு பேச்சு வலுத்திருக்கிறது. மழை யாருக்குக் குறையும் என்பதை யார் முடிவு செய்வது? எனக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. கரியமில வாயு நூற்றாண்டுகள் நிற்கும். கந்தகம் இரண்டாண்டில் இறங்கிவிடும். ஆகவே கரியமில வாயு இருக்கும்வரை தூவிக்கொண்டே இருக்க வேண்டும்; ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவே முடியாது.

நூற்றாண்டுகள் என்றேன். கால அளவை இன்னும் நீட்டினால் எரிமலை தலைகீழாகிவிடுகிறது. ஓரிரு ஆண்டு குளிர்விக்கும் அதே எரிமலை, பல்லாயிரம் ஆண்டு ஓயாமல் பொங்கினால் உலகை வேகவைக்கும். கந்தகம் ஒவ்வொரு முறையும் இறங்கிவிட, கரியமில வாயு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் அதுதான் நடந்தது. பாறைக் குழம்பு நிலக்கரி, உப்புப் படுகைகளுக்குள் புகுந்து அவற்றையும் வறுத்தது. கடல் சூடேறியது, அமிலமானது, மூச்சுக்காற்றை இழந்தது. கடல்வாழ் இனங்களில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு அழிந்தன. உயிர் வரலாற்றில் அதைவிடப் பெரிய சாவு இல்லை. தக்காணத்தின் கருங்கல் அடுக்குகளைக் கொட்டிய வெடிப்புகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த காலத்தை ஒட்டியவை. குற்றவாளி விண்கல்லா, தக்காணமா என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. விண்கல்லின் பக்கமே சாட்சியம் வலுவாக இருப்பதாக எனக்குப் படுகிறது. தக்காணம் ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்த நோயாளியின் நிலைக்கு உலகைக் கொண்டுவந்திருக்கலாம்.

ஆனால் எரிமலைகள் இல்லாவிட்டால்? ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி துருவம் முதல் நிலநடுக்கோடு வரை உறைந்து கிடந்தது. பனி மூடிய நிலத்தில் மழை பாறையைக் கரைக்கவில்லை. அதனால் கரியமில வாயு காற்றிலிருந்து இறங்க வழியில்லை. எரிமலைகளோ பனியைத் துளைத்துக்கொண்டு அதை ஊதிக்கொண்டே இருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது சேர்ந்து, பனியை உடைத்தது. அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் அளவு விலங்குகள் பெருகின.

கடைசியாக இந்தோனேசியாவின் எரிமலைத் தீவு கிரகத்தோவா. 1883 ஆகஸ்ட் 27இல் அது வெடித்த சத்தம் 4,800 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலின் ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது. ஆழிப்பேரலையில் 36,000 பேருக்கு மேல் போனார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் அந்தி வானம் அவ்வளவு சிவந்தது. நியூயார்க் மாகாணத்தில் எங்கோ தீப்பற்றிவிட்டது என்று தீயணைப்பு வண்டிகளைக் கூப்பிட்டார்கள். கிரகத்தோவா தீவில் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் போய்விட்டது. மிஞ்சிய பாறை பல மீட்டர் கனத்துக்குச் சாம்பலால் மூடப்பட்டிருந்தது.

ஒன்பது மாதம் கழித்து, 1884 மே மாதம், ஓர் ஆய்வுக்குழு அங்கே இறங்கித் தேடியது. செடி இல்லை, புழு இல்லை, பூச்சி இல்லை. ஒரே ஓர் உயிர் அகப்பட்டது. கண்ணுக்கு எட்டியும் எட்டாத ஒரு சிறு சிலந்தி. நூலிழையைக் காற்றில் விட்டு, அதைப் பிடித்துக்கொண்டே கடலைக் கடந்து வந்திருக்க வேண்டும். சிக்குவதற்கு ஒரு கொசுகூட இல்லாத அந்தத் தீவில் உட்கார்ந்து அது வலை பின்னிக்கொண்டிருந்தது.