செதுக்கிய பிஸ்டல் எங்கே சிக்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பிராக்டிகல் ஷூட்டிங் என்ற போட்டியில் வீரர் ஓரிடத்தில் நின்று சுடுவதில்லை. ஓடுகிறார், குனிகிறார், தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிச் சுடுகிறார், ஓட்டத்திலேயே தோட்டா அடுக்கிய பெட்டியான மேகசினை மாற்றுகிறார். இதற்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஎஸ்சி, 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கொலம்பியா நகரில் உருவானது. துல்லியம், ஆற்றல், வேகம் மூன்றையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் இந்த ஆட்டம். இதற்கென்றே பார்த்துப் பார்த்துச் செதுக்கிய பிஸ்டல்கள் ஏன் பாதியில் சிக்கி நிற்கின்றன என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு சிக்கலுக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய சுற்று ஒன்றில் அதிகபட்சம் 32 தோட்டா. எல்லாமே இலக்கின் நடுவிலுள்ள ஏ வட்டாரத்தில் பட்டால், ஒன்றுக்கு 5 வீதம் 160 புள்ளி. அதை 20 விநாடியில் முடித்தால் 160-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும். ஹிட் ஃபேக்டர், அதாவது விநாடிக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு, 8. இப்போது நடுவில் தோட்டா ஒன்று சிக்குகிறது. கை பழகியவர் மூன்றே விநாடியில் சரிசெய்துவிடுகிறார். நேரம் 23 ஆகிறது, ஃபேக்டர் 6.96-க்கு இறங்குகிறது. நூற்றுக்குப் பதின்மூன்று போய்விட்டது. அதே இழப்பு குறி தவறியதால் வரவேண்டுமென்றால் எத்தனை தோட்டா விலக வேண்டும்? ஆற்றல் குறைந்த தோட்டாவுக்கான மைனர் வகையில் சி வட்டாரத்துக்கு 3 புள்ளி, அதாவது ஏ-யைவிட 2 குறைவு. பத்துத் தோட்டா சி-யில் பட்டால்தான் ஃபேக்டர் 7-க்கு வரும். ஒரு சிக்கல், பத்து விலகலுக்குச் சமம்! இரண்டு நிமிடத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் சுற்று அதோடு முடிந்தது. படாமல் போன ஒவ்வொரு குண்டுக்கும் 10 புள்ளி கழியும். மறுவாய்ப்புக் கிடையாது.

அப்படியிருந்தும் துப்பாக்கியைச் செதுக்குகிறவர்கள் பெரும்பாலும் துல்லியத்தைத்தான் துரத்துகிறார்கள். தொழிற்சாலையில் செய்த பிஸ்டலில் கொஞ்சம் தளர்வு இருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகமான ஸ்லைடு சற்று ஆடும், தோட்டா உட்காரும் குழியான சேம்பர் கொஞ்சம் அகலமாக இருக்கும், ஸ்பிரிங்குகள் தேவைக்கு மேலேயே இறுக்கமாக இருக்கும். எந்தக் கடையில் வாங்கிய தோட்டாவும், எவ்வளவு புழுதியிலும் ஓட வேண்டும் என்று செய்தவர் விட்டுவைத்த கையிருப்பு அது. போட்டிக்காகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். செலவழிப்பதில் தவறில்லை. எங்கே, எவ்வளவு செலவழித்தோம் என்று கணக்கு இல்லாமல் போவதில்தான் கோளாறு.

பின்னால் போன ஸ்லைடை முன்னால் தள்ளி மூடும் ரீகாயில் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். 1911 என்ற பழைய அமைப்பிலுள்ள நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டலுக்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. மாற்றங்களுக்கு அதிக இடம் தரும் ஓப்பன் பிரிவில், காம்பென்சேட்டர் பொருத்திய துப்பாக்கியில் 7, 8 பவுண்டு ஸ்பிரிங்கைக்கூடப் பார்க்கலாம். காம்பென்சேட்டர் வாயுவை மேல்நோக்கித் திருப்பி முகவாயை, அதாவது குழல் முனையை, அமுக்குகிறது. அங்கே கனத்த ஸ்பிரிங் இருந்தால் ஸ்லைடு மூடும்போது முகவாய் கீழே குத்தும். சைட்டின் ஒளிப்புள்ளி மறுபடி குறிக்கு வர நேரமாகும். மெல்லிய ஸ்பிரிங் அதைத் தவிர்க்கிறது. பதிலுக்கு என்ன போகிறது? ஸ்லைடை முழுசாக மூடவைக்கும் பலம் போகிறது. சேம்பரில் கொஞ்சம் கரி, தோட்டாக் கூட்டில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான்: ஸ்லைடு கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடாமல் நின்றுவிடும். 16 பவுண்டு ஸ்பிரிங் ஒரு பவுண்டு தளர்ந்தால் பெரிதாகத் தெரியாது. 8 பவுண்டு ஸ்பிரிங் ஒரு பவுண்டு இழந்தால் எட்டில் ஒரு பங்கு போயிற்று. ஆகவே மெல்லிய ஸ்பிரிங் போட்டவர்கள் புதியது ஒன்றை அருகில் வைத்து அடிக்கடி நீளத்தை ஒப்பிட வேண்டும். குறுகியிருந்தால் மாற்றிவிட வேண்டும்.

தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலான ஹேமரை இயக்கும் மெயின் ஸ்பிரிங்கும் இதே கதைதான். 1911-ல் 23 பவுண்டு இருந்ததை ட்ரிக்கர் இலகுவாக வேண்டும் என்று 17-க்கு இறக்குகிறார்கள். அடி மெலிகிறது, தோட்டாவின் அடியில் அடிபட்டுத் தீப்பற்றும் பிரைமர் கடினமாக இருந்தால் வெடிக்க மறுக்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்லைடு பின்னால் போகும்போது ஹேமரையும் மடக்கிக்கொண்டுதான் போகிறது. மெயின் ஸ்பிரிங்கை இலகுவாக்கினால் ஸ்லைடு முன்பைவிட வேகமாகத் திறக்கும். ட்ரிக்கருக்காகச் செய்த மாற்றம் தோட்டா ஏறும் நேரத்தையே மாற்றிவிடுகிறது.

வெடிக்காத தோட்டாவைத் தூக்கிப் போட்டுவிடாமல் பிரைமரைப் பாருங்கள். இரண்டாவது அடியில் வெடித்துவிட்டால், பெரும்பாலும் பிரைமர் முழு ஆழத்துக்கு இறங்காமல் இருந்திருக்கும். முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிட்டது. தோட்டாவின் அடிப்பகுதியை விரலால் தடவினால் பிரைமர் சற்றே பள்ளத்தில் இருப்பது தெரிய வேண்டும். மேடாக நெருடினால் அந்தத் தோட்டா போட்டிக்கு ஆகாது. பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருந்தும் அடித்தழும்பு மேலோட்டமாக இருந்தால், குற்றம் ஸ்பிரிங்கின் மேல். மென்மையான பிரைமர் என்று போட்டியாளர்கள் ஃபெடரல் வகையைத் தேடி வாங்குவது இதனால்தான். ஆனால் ஒரே வகைப் பிரைமருக்கு மட்டும் ஓடுகிற துப்பாக்கி, அந்தப் பிரைமர் கிடைக்காத நாளில் வெறும் இரும்பு. ஒரு பவுண்டு ஸ்பிரிங்கைக் கூட்டிக்கொள்வது மேல் என்பது என் கருத்து.

இனி மேகசின். சிக்கல் வந்தால் துப்பாக்கியைச் சந்தேகிப்பதற்கு முன் மேகசினைச் சந்தேகியுங்கள்.

2011 என்று அழைக்கப்படும் இரட்டை வரிசைப் பிஸ்டலின் வேர் 1911-ல் இருக்கிறது. அந்தப் பழைய அமைப்பு, மொத்த நீளம் 32.4 மில்லிமீட்டர் வரை போகும் நாற்பத்தைந்து காலிபர் தோட்டாவுக்காக வரையப்பட்டது. ஒன்பது மில்லிமீட்டர் காலிபர் தோட்டாவின் உச்ச நீளம் 29.69 மட்டுமே. குட்டையான தோட்டா நீளமான மேகசின் குழாய்க்குள் முன்னும் பின்னும் நழுவும்; மூக்கு கீழே சாயும்; ஸ்லைடு தள்ளும்போது மூக்கு, சேம்பருக்குள் வழிகாட்டும் ஏற்றச் சரிவின் அடியில் போய் முட்டும். இதற்காகத்தான் குழாய்க்குள் பின்பக்கம் தகடு வைத்து இடைவெளியை அடைக்கிறார்கள், அல்லது தோட்டாவையே நீளமாகக் கட்டுகிறார்கள். நாற்பது காலிபரின் உச்ச நீளம் 28.83, 2011-ல் அதை ஏறத்தாழ 30 மில்லிமீட்டருக்குக் கட்டுவது சகஜம். நீளம் கூட்டினால் குண்டு பேரலின் உள்ளே செதுக்கிய வரிகளில் முட்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பேரலைக் கழற்றி, தோட்டாவை சேம்பருக்குள் விடுங்கள். ‘டக்’ என்று விழ வேண்டும், விரலால் திருப்பினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாகவே வெளியே விழ வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நீளத்தைக் குறையுங்கள்.

சிக்கல் மேகசினின் எத்தனையாவது தோட்டாவில் வந்தது என்பது பாதி விடையைச் சொல்லிவிடும். முதல் தோட்டாவிலேயே என்றால், ஸ்பிரிங் முழுக்க அமுங்கியிருக்கிறது. மேல் தோட்டா, மேகசின் வாயின் மடிப்புகளான உதடுகளில் அழுந்திக்கொண்டு வர மறுக்கிறது. ஒரு தோட்டா குறைத்து நிரப்பிப் பாருங்கள். கடைசி இரண்டு மூன்றில் என்றால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்லைடு திரும்பி வருவதற்குள் தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்க முடியவில்லை. ஸ்லைடைக் குடைந்து எடை குறைத்த துப்பாக்கிகளில் இது சீக்கிரமே தலைகாட்டும். ஸ்லைடின் வேகம் கூடியது, மேகசினின் வேகம் கூடவில்லை.

நடுவில், ஒழுங்கே இல்லாமல் சிக்கினால் உதடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேகசின் கீழே விழுகிறது, சில சமயம் கல்லில், சில சமயம் அதன்மேல் காலும் படுகிறது. உதடுகள் விரியும். மேகசின் புதிதாக நன்றாக ஓடும்போதே உதடுகளின் இடைவெளியை வெர்னியரால் முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால், விரிந்ததா இல்லையா என்று பிறகு சொல்ல வழியே இல்லை. ஒவ்வொரு மேகசினுக்கும் அடித்தட்டில் ஓர் எண் எழுதுங்கள். உள்ளே பிரஷ் விட்டுத் துடைத்து உலர விடுங்கள். எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் புழுதியைப் பிடித்துக் களிம்பாக்கும், தோட்டாக்களை மேலே தள்ளும் ஃபாலோவர் இழுபடும்.

சுட்ட கூட்டைக் கொக்கிபோலப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் அடுத்தது. 1911 குடும்பத்தில் அது தானே ஒரு வில். தனியாக ஸ்பிரிங் கிடையாது. ஸ்லைடைக் கழற்றி, பிரைமரும் மருந்தும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைக் கொக்கிக்கு அடியில் செருகி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பிடித்து நிற்க வேண்டும். விழுந்தால் தளர்ச்சி, சுட்ட கூடு வெளியேறாமல் ஸ்லைடின் வாயில் புகைபோக்கிபோல் செங்குத்தாக நிற்பது இதனால் வரலாம். செருகவே பலம் வேண்டியிருந்தால் அது மிகை இறுக்கம். மேலேறி வரும் தோட்டா கொக்கிக்குள் நுழையாமல் ஸ்லைடு பாதியில் நிற்கும். இந்த இரண்டாவதை ஏற்றக் கோளாறு என்று எண்ணி, ஏற்றச் சரிவைத் தேய்த்துக் கெடுத்தவர்கள் உண்டு. தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. பின்புறம் எக்ஸ்ட்ராக்டரைப் பிடித்து நிறுத்தும் ஃபயரிங் பின் ஸ்டாப் தளர்வாக இருந்தால், எக்ஸ்ட்ராக்டர் தன் துளைக்குள்ளேயே திரும்பும். கூடுகள் ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை தலைக்கு மேல் என்று பறக்கும். கூடு விழும் திசை நிலையாக இருக்கிறதா என்று பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஓப்பன் பிரிவில் ஒளிப்புள்ளியால் குறிபார்க்கும் டாட் சைட்டைத் தாங்கும் மவுண்ட், கூடு வெளியேறும் வாய்க்கு மேலேயே நிற்கும். கூடு அதில் மோதி உள்ளே திரும்பி விழுவதுண்டு. சைட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பொருத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். மவுண்ட் திருகுகளுக்கு திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை இட்டு, திருகின் தலையிலிருந்து உடல்வரை பெயின்ட் கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் திருகு சுழன்றிருக்கிறது. காம்பென்சேட்டருக்குள் ஈயமும் கரியும் சேர்வதையும் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் ஈயம் திறந்திருக்கும் குண்டுகள் அதை வேகமாக அடைக்கும், அடிப்பக்கம் மூடிய குண்டுகள் குறைவாகவே அழுக்காக்கும்.

ட்ரிக்கரைப் பற்றிப் பேசும்போது நம்பகத்தோடு உயிரும் சேர்ந்துகொள்கிறது. ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியரையும் ஹேமர் கொக்கியையும் வீட்டில் தேய்க்க வேண்டாம். அது ஆயுதம் பழுதுபார்ப்பதில் தேர்ந்தவரின் வேலை. ஆனால் சோதனையை ஒவ்வொருவரும் செய்ய வேண்டும். அறையில் தோட்டாவே இருக்கக் கூடாது, மேகசின் வெளியே, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தாயிற்று. ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிக்கரை அழுத்தி விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுங்கள். ஹேமர் அசையக் கூடாது. அடுத்து, ட்ரிக்கரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து விடுங்கள். ஹேமர் ஏறியே நிற்க வேண்டும். ஸ்லைடோடு சேர்ந்து ஹேமரும் இறங்கினால், அந்தத் துப்பாக்கி ஒரே அழுத்தத்தில் இரண்டு குண்டு வெடிக்கக்கூடியது. அதை ரேஞ்சுக்கே கொண்டுபோகக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. சுட்டபோது சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து, உதையும் இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள் தங்கியிருக்கலாம். அடுத்த குண்டு பேரலைப் பிளக்கும். ரேஞ்ச் ஆபீசர் நிறுத்தச் சொன்னால் விவாதிக்க வேண்டாம்.

சரி, ஓடுகிறது என்று எப்போது சொல்லலாம்? 200 தோட்டா சிக்காமல் சுட்டாயிற்று, துப்பாக்கி தயார் என்கிறார்கள். புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு. ஒரு சிக்கலும் இல்லாமல் எத்தனை சுட்டோமோ அந்த எண்ணை மூன்றால் வகுக்க வேண்டும். 200-ஐ மூன்றால் வகுத்தால் 67. அதாவது, 67-க்கு ஒன்றைவிட அதிகமாகச் சிக்காது என்பதை மட்டும் 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். அது ஒன்றுமே இல்லை. 500-க்கு ஒன்று சிக்கும் துப்பாக்கியோடு 300 தோட்டாப் போட்டிக்குப் போனால், ஒரு முறையாவது சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 45. மூவாயிரத்துக்கு ஒன்று என்றால்தான் அது பத்துக்குக் கீழே வரும்.

ஆகவே பயிற்சியில் சுடும் ஒவ்வொரு தோட்டாவும் சோதனைக் கணக்கில் சேர வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, எத்தனை சுட்டது, எந்தத் தோட்டா, சிக்கினால் எந்த மேகசின், எத்தனையாவது, ஸ்லைடு எங்கே நின்றது. இடது கையால் ஒற்றைக் கையில் பிடித்தும் சுடுங்கள். பிடி தளர்ந்தால் மட்டும் சிக்கும் துப்பாக்கி அப்போதுதான் பிடிபடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பிரிங்கையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றினால், பலன் எதனால் வந்தது என்று தெரியாது. எதை மாற்றினாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

போட்டிப் பையில் உதிரியாக ரீகாயில் ஸ்பிரிங், ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர், சைட்டுக்குப் பேட்டரி இருக்கட்டும். அந்த உதிரி எக்ஸ்ட்ராக்டரை அதே ஸ்லைடில் பொருத்தி, வளைத்துச் சரிசெய்து, குறைந்தது நூறு தோட்டாவாவது சுட்டுப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள். போட்டி வளாகத்தில் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட அனுமதியுள்ள பாதுகாப்பு மேசையில் மாதிரித் தோட்டாவைக் கையில் எடுப்பதுகூட விதிப்படி தகுதிநீக்கம். இறுக்கம் சரிதானா என்று அங்கே நின்று பார்க்க வழியில்லை; அந்தச் சோதனை வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

வணக்கம்.