101 தோல்வி: இனி யாராலும் முறியடிக்க முடியாத சாதனை

[திரையில்: 20 – 134]

20 வெற்றி, 134 தோல்வி. கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் பேஸ்பால் அணி 1899 சீசனை முடித்த கணக்கு இது. பேஸ்பாலின் உச்ச மட்டமான அமெரிக்க மேஜர் லீகில் ஒரே சீசனில் இவ்வளவு தோற்ற அணி வேறு கிடையாது. இத்தனைக்கும் முந்தைய ஆண்டு இதே அணி 81 ஆட்டங்கள் ஜெயித்து ஐந்தாம் இடம் பிடித்திருந்தது. அப்புறம் என்ன ஆச்சு?

முதலாளிகள் ராபிசன் சகோதரர்களுக்குக் கிளீவ்லாந்தில் கூட்டம் சேரவில்லை என்று நெடுநாள் குறை. அந்த நேரம் பார்த்து செயின்ட் லூயிஸ் அணி ஏலத்துக்கு வர, அதையும் வாங்கிப்போட்டார்கள். ஒரே லீகில் ஒரே குடும்பத்துக்கு இரண்டு அணி! அன்றைக்கு அதைத் தடுப்பார் இல்லை.

[திரையில்: கிளீவ்லாந்திலிருந்து செயின்ட் லூயிஸுக்கு அம்புக்குறி]

செயின்ட் லூயிஸ் பெரிய ஊர், டிக்கெட் விற்கும். ஆகவே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அங்கே மாற்றினார்கள். போனவர்களில் ஒருவர் சை யங். மொத்தம் 511 வெற்றிகள் கண்ட பிட்சர், அதாவது பந்து வீசுபவர். சிறந்த பிட்சருக்கான விருதே இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. ஜெஸ்ஸி பர்க்கெட்டும் போனார், பாபி வாலஸும் போனார். மிச்சம் மீதியை வைத்து ஸ்பைடர்ஸ் ஆட வேண்டியதாயிற்று.

ஊர்க்காரர்கள் என்ன ஏமாளிகளா? மைதானத்தை எட்டிப் பார்க்கவில்லை. சொந்த ஊரில் நடந்த 42 ஆட்டங்களுக்கும் சேர்த்து வந்தவர்கள் 6,088 பேர். ஆட்டத்துக்கு 145 பேர். ஒரு கல்யாணப் பந்தியில்கூட இதைவிட அதிகம் உட்காருவார்கள். டிக்கெட் வசூலில் எதிரணிக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு ஹோட்டல் செலவுக்கே காணாது என்றால் யார் ரயிலேறி வருவார்கள்? கடைசியில் ஸ்பைடர்ஸ்தான் ஊர் ஊராக அலைந்தது. வெளியூரில் 112 ஆட்டம். அதில் 101 தோல்வி.

இப்போது ஓர் அணி ஒரு சீசனில் வெளியூரில் ஆடுவதே 81 ஆட்டங்கள்தான். அந்த 101ஐத் தொட இனி வழியே இல்லை.

கடைசி 41 ஆட்டங்களில் 40 தோல்வி. சீசனின் இறுதி ஆட்டம் சின்சினாட்டியில். அன்று ஸ்பைடர்ஸுக்குப் பந்து வீசியவர், அணி தங்கியிருந்த ஹோட்டலின் சுருட்டுக் கடையில் வேலை பார்த்த ஓர் இளைஞர். 19-க்கு 3 என்று தோற்றார்கள்.

அடுத்த ஆண்டு லீக் 12 அணிகளிலிருந்து 8 ஆகச் சுருங்கியபோது, ஸ்பைடர்ஸ் கலைக்கப்பட்டது. சரி, நட்சத்திரங்களை வாரிக்கொண்ட செயின்ட் லூயிஸ் 1899 சீசனில் எத்தனையாம் இடம்?

[திரையில்: 5]