கொஞ்சம் கஷ்டம்தான்

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் இதே அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதனால் பின்வரிசையை நான் கண்டுகொள்ளப் போவதில்லை.

ஒசாகாவில் மூன்று மாதம் ஜப்பானிய மொழி படித்தேன். அப்புறம் ஆறு வாரம், பக்கத்திலேயே ஹிகாஷி ஒசாகாவில் ஒரு பட்டறையில் பயிற்சி. சின்னச் சின்னப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் அது. கோயம்புத்தூரில் வளர்ந்த எனக்கு லேத் சத்தமும் எண்ணெய் வாசனையும் புதிதில்லை.

மொழிதான் படுத்தியது. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு பட்டியல் போட்டிருக்கும் கஞ்சி என்ற சீன வழி எழுத்துகள் மட்டும் 2,136. பெயர்தான் கஞ்சி, லேசில் செரிக்காது. ஆனால் வாக்கியம் நம் வழியில்தான் போகும். வினை கடைசியில் வரும். ‘தபெதெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. ‘மிரு’ என்ற சொல்லுக்கே பார்ப்பது என்றுதான் பொருள்! உடனே இரண்டும் ஒரே குடும்பம் என்று கிளம்பிவிடாதீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழோடு உறவு உண்டு என்றார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, பட்டறைக்கு வருகிறேன். இரண்டாவது வாரம், பிரஸ் மெஷினை நானே ஓட்டிப் பார்க்கட்டுமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். தலையைச் சாய்த்து, ‘ச்சொத்தோ முஸுகஷீ தெஸ் நே’ என்றார். கொஞ்சம் கஷ்டம். நான் படித்தது இங்கிலீஷ் வழிப் பாடநூல். கஷ்டம்தானே, முடியாது என்று சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கையுறை மாட்டிக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றேன். மனுஷர் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பக்கத்தில் வேலை பார்த்த வியட்நாம் அக்காதான் காதோரம் சொன்னார்: “முடியாதுன்னு நேத்தே சொல்லிட்டாரே.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் ஊரில் கடன் கேட்டு வருபவரிடம் அப்பா சொல்வதும் இதேதான்: “கொஞ்சம் சிரமமுங்க.” அதைக் கேட்டபின் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தமிழ்க் காதால் கேட்டிருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும்.

கடைசி நாள், அடுத்த வருஷமும் வரலாமா என்று கேட்டேன். ‘கங்காஎதெ ஒகிமஸ்’ என்றார். சொல்லுக்குச் சொல் தமிழ்: யோசித்து வைக்கிறேன்.

குனிந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ரயிலில் உட்கார்ந்தே வேறு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன்.