காதுக்குப் பிறந்த நாயகன்

எல்லோருக்கும் வணக்கம். பழைய வானொலி நாடகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு சினிமாவில் இருந்து ஆரம்பிக்கிறேன், அங்கிருந்து வானொலிக்குப் போய்விடலாம்.

1994 ஜூலை 1ஆம் தேதி அமெரிக்காவில் ‘தி ஷாடோ’ என்றொரு படம் வெளியானது. இயக்கியவர் ரஸ்ஸல் மல்கஹி, கதாநாயகன் அலெக் பால்ட்வின். சுமார் 4 கோடி டாலர் போட்டு எடுத்த படம், அமெரிக்காவுக்குள் வசூலித்தது 3.2 கோடி டாலர் அளவுக்குத்தான். 1989இல் ‘பேட்மேன்’ கொட்டிய பணத்தைப் பார்த்து ஹாலிவுட் பழைய பத்திரிகை நாயகர்களை ஒவ்வொருவராகத் தூசி தட்டி எடுத்த காலம் அது. ‘ஓடாத படம்’ என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் அந்தப் படம் ஒரு நிஜமான சிக்கலோடு மல்லுக்கட்டியது. கண்ணுக்கே தெரியாதவன் என்று காதுக்காக உருவாக்கிய ஒருவனைத் திரையில் எப்படிக் காட்டுவது?

அவன் பிறந்த கதையே விநோதமானது. 1930இல் நியூயார்க்கின் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் பதிப்பகம் தன்னுடைய துப்பறியும் பத்திரிகையை விற்பதற்காக வானொலியில் கதைகளை நடித்துக் காட்ட ஏற்பாடு செய்தது. கதையை அறிமுகப்படுத்தும் குரலுக்கு மர்மமாக ஒரு பெயர் இருக்கட்டும் என்று ‘ஷாடோ’, அதாவது நிழல், என்று வைத்தார்கள், அவ்வளவுதான், அந்தக் குரலுக்குக் கதைக்குள் ஒரு வேலையும் கிடையாது. ஆனால் கேட்டவர்கள் பத்திரிகைக் கடைக்குப் போய் “அந்த ஷாடோ பத்திரிகை கொடுங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு பத்திரிகையே அப்போது இல்லை! பதிப்பகத்தார் சுதாரித்துக்கொண்டு 1931 ஏப்ரலில் நிஜமாகவே ஒன்றைத் தொடங்கினார்கள். மட்டமான தாள், பளிச்சென்ற அட்டை, விலை 10 சென்ட். எழுதியவர் வால்டர் கிப்சன், மேடை மாயவித்தை தெரிந்தவர். மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற புனைபெயரில் வந்த 325 நாவல்களில் 282 அவர் எழுதியவை. ஒரு ஆள், ஒரு தட்டச்சுப்பொறி, 282 நாவல்! நினைத்தாலே விரல் வலிக்கிறது.

பத்திரிகையில் வந்த ஷாடோ மாயமாக மறைகிறவன் இல்லை. கறுப்பு அங்கி, முகத்தை மறைக்கும் தொப்பி, இரண்டு கைத்துப்பாக்கி, இருட்டில் ஒளிந்து நிற்கத் தெரிந்த ஆள், அவ்வளவுதான். பேட்மேனின் முதல் கதையே ஒரு ஷாடோ நாவலைப் பார்த்து எழுதியதுதான் என்று அதை எழுதிய பில் ஃபிங்கரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மாயமாக மறையும் வித்தை 1937 செப்டம்பர் 26ஆம் தேதி வானொலியில் நாடகமாக வந்தபோதுதான் சேர்ந்தது. ஷாடோவாக நடித்தவர் ஆர்சன் வெல்ஸ், அப்போது அவருக்கு வயது 22. ஷாடோவின் தோழி மார்கோ லேனாக நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட். இந்தப் பெண் பாத்திரமும் வானொலிக்காகப் படைத்ததுதான், பத்திரிகைக்கு அவள் பிறகுதான் வந்தாள். கறுப்பு அங்கியை வானொலியில் காட்ட முடியாது, அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எதிராளியின் மனதை மயக்கித் தன்னைப் பார்க்க முடியாதபடி செய்கிறவன் என்று அவனை மாற்றினார்கள். அவன் மறைந்ததும் அவன் குரல் மட்டும் ஃபில்டர் வழியாக, தொலைபேசியில் பேசுவது போல மாறிவிடும். ஒரு செலவும் இல்லை. அந்தக் குரல் மாறிய உடனே கேட்கிறவருக்குப் புரிந்துவிடும், இப்போது ஆள் தெரியமாட்டான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, நான் இங்கே வந்ததே அதைச் சொல்லத்தான். முதல் நாடகத்தில் ஒரு நிரபராதி மின்சார நாற்காலிக்காகக் காத்திருக்கிறான். பூட்டிய சிறை அறை. அதற்குள் ஒரு குரல் அவனோடு பேசுகிறது. அவன் சுற்றும் முற்றும் பார்க்கிறான், யாரும் இல்லை. வீட்டில் வானொலிப் பெட்டி முன் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அதே நிலைமைதானே, அவருக்கும் யாரும் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது! கைதியின் திகைப்பும் கேட்கிறவரின் திகைப்பும் ஒன்றாகிவிடுகின்றன. பார்க்க முடியாதது வானொலியின் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அந்தக் குறையையே கதையின் மூச்சாக மாற்றிவிட்டார்கள். அந்த நாடகத் தொடர் ஆள் மாறி ஆள் மாறி 1954 டிசம்பர் வரை ஓடியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, இப்போது படத்துக்கு வருவோம். நியூயார்க்கில் நடக்கும் முதல் காட்சி, ராத்திரி நேரம், ஒரு பாலம். ரவுடிக் கும்பல் ஒரு மனிதனின் காலை சிமெண்டில் புதைத்து ஆற்றில் தள்ளப் போகிறது. ஒரு சிரிப்பு கேட்கிறது. எந்தப் பக்கம் இருந்து? தெரியவில்லை, எல்லாப் பக்கமும். தலைவன் இருட்டைப் பார்த்துச் சுடுகிறான், சிரிப்பு நிற்கவில்லை. தியேட்டரில் நீங்களும் அவனைப் போலவே இடமும் வலமும் பார்ப்பீர்கள். வானொலி செய்ததை அப்படியே ஒலியால் செய்திருக்கிறார்கள். அதோடு திரைக்கென்று ஒரு விதியையும் சேர்த்தார்கள்: அவனால் எதை வேண்டுமானாலும் மறைக்க முடியும், தன் நிழலை மட்டும் மறைக்க முடியாது. வானொலியில் தேவைப்படாத நிழல் இங்கே சுவரில் விழுகிறது. பெயருக்கு இப்போதுதான் பொருள் வந்தது என்று தோன்றும்.

இன்னொரு இடம், மோனோலித் என்ற ஹோட்டல். நகரத்தின் நடுவில் பிரம்மாண்டமாக நிற்கிறது. வில்லன் ஷிவான் கான் ஊர் முழுவதையும் வசியம் செய்து வைத்திருப்பதால், போகிற வருகிறவர் கண்ணுக்கு அங்கே வெறும் காலி மனைதான். நாயகன் அந்த மனை முன் நின்று உற்றுப் பார்க்கப் பார்க்கக் கட்டடம் எழும்பி நிற்கிறது. ஒரு ஆள் மறைவதைவிட ஒரு ஊரே ஏமாந்து நடமாடுவது எவ்வளவு பெரிய கற்பனை!

படம் எங்கே சறுக்குகிறது என்றால், எல்லாவற்றையும் காட்டியே தீருவேன் என்று நிற்கும் இடங்களில். ஷாடோவாக மாறும்போது பால்ட்வினுக்கு ஒப்பனையில் கழுகு மூக்கு வைத்து, சிவப்புத் துணியால் வாயை மூடி அருகில் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பத்திரிகை அட்டைக்கு விசுவாசமான முகம்தான், மறுக்கவில்லை. ஆனால் முகம் தெரிந்ததும் பயம் போய்விடுகிறது.

வில்லன் விஷயத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வானொலியில் இந்த வித்தையைக் கீழை நாட்டில், இந்தியாவில் ஒரு யோகியிடம் கற்றதாகச் சொன்னார்கள், படத்தில் அது திபெத் ஆனது. வித்தையும் கிழக்கில் இருந்து வர வேண்டும், உலகத்தை அழிக்க வருகிறவனும் செங்கிஸ்கானின் வாரிசாகக் கிழக்கில் இருந்தே வர வேண்டும், நடுவில் காப்பாற்றுகிறவன் மட்டும் நியூயார்க் பணக்காரன். 1930களின் அச்சம் அது. 1994இலும் அதைக் கேள்வி கேட்காமல் தூக்கிவந்தது எனக்கு உறுத்துகிறது. ஜான் லோன் அந்த வேடத்தை அவ்வளவு கம்பீரமாகச் செய்திருப்பதால் இன்னும் கூடுதலாக உறுத்துகிறது.

பேசியது போதும். விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். 1937இல் ஒலிபரப்பான அந்த முதல் நாடகத்தில் சிறை அறைக் காட்சியை மட்டும் போடப் போகிறேன். ஆங்கிலம் வேகமாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், குரல் எந்த இடத்தில் மாறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் கதவைச் சாத்திவிடுங்கள்.